நேரம் முடிந்துவிட்டது

"உன்னை யாரு இங்க உட்காரச் சொன்னது?"

தலைமை நர்ஸின் குரல் கேட்டதும் சின்ன நர்ஸ் நாற்காலியை விட்டு எழுந்தாள். கையில் சீப்பு. கட்டிலில் இருந்த அம்மாளுக்குப் பாதித் தலைதான் வாரியிருந்தது.

பார்வையாளர் நேரம் முடிந்தால் கட்டிலருகே யாரும் உட்காரக் கூடாது. தலைமை நர்ஸ் போட்ட சட்டம் அது. இன்னும் ஐந்தே நிமிஷம் என்று கெஞ்சியவர்களைக்கூட அவள் தயவு தாட்சண்யம் இல்லாமல் வெளியே அனுப்பியிருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பெயரே 'பூட்டு'தான்.

இப்போது கட்டிலில் இருப்பது அவளைப் பெற்ற தாய். கீழே விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, போன வாரம் வந்து சேர்ந்தாள். ஞாபகமும் தடுமாற்றம். சில நேரம் ஆள் தெரியும், சில நேரம் தெரியாது.

அம்மா என்பதற்காக மகள் சட்டத்தைத் தளர்த்தவில்லை. வருவாள், நாடி பார்ப்பாள், அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"எங்கம்மாங்கிறதால எனக்குக் காக்கா பிடிக்கிறியா?"

"இல்லை மேடம்." சின்ன நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். "தட்டைத் தள்ளி விட்டுடறாங்க. பொண்ணு வந்தாளான்னு வாசலையே பார்த்துட்டு இருக்காங்க. யாராவது பக்கத்துல உட்கார்ந்தாத்தான் ரெண்டு வாய் சாப்பிடறாங்க."

"நான்தான் தினமும் வர்றேனே?"

"வர்றீங்க மேடம். உட்காரலை."

தலைமை நர்ஸ் அம்மாவின் பாதி வாரிய தலையைப் பார்த்தாள்.

இந்த வார்டில் எத்தனை பேரை இப்படி எழுப்பி விரட்டியிருக்கிறோம் என்று முதன்முறையாக யோசித்தாள். ஒருவர் முகம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. அவர்கள் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

சின்ன நர்ஸைப் போகச் சொல்லிவிட்டுச் சீப்பை வாங்கிக்கொண்டாள். நாற்காலியில் உட்கார்ந்து மிச்சத் தலையை வாரினாள்.

அம்மா திரும்பி அவளை உற்றுப் பார்த்தாள். அடையாளம் தெரியவில்லை. ஏதோ நினைவு வந்தவளாகக் கதவுப் பக்கம் பயந்து பயந்து பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து மெல்ல விலக்கினாள்.

"நீ எழுந்து போயிடும்மா. இங்க பெரிய நர்ஸ் என் பொண்ணுதான். பார்த்தா உன்னையும் விரட்டிடுவா."