எறும்புக்குக்கூடப் பத்தாது

ததேயுவின் மூளைக்கு அடியில் இருந்த பட்டாணியளவு சுரப்பியைக் கட்டியோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். அது சுரக்க வைத்த ஹார்மோன் நின்றுபோனதால், காலையில் மாத்திரை போட்டால்தான் அவரால் எழுந்து நடமாட முடியும். மனைவி ஆக்னஸ் ஆய்வகத்தில் வெள்ளை அணுக்களை வளர்ப்பவள். ஒரு சோதனைக்கு அவர் இரத்தத்தையும் கேட்டு வாங்கியிருந்தாள். சோதனை முடிந்த அன்று, அணுக்களைக் கொன்று கொட்டுவதற்கு முன்னால் அவரை வரவழைத்து, சூட்டுப் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னே அவருடைய அணுக்கள் வளர்ந்துகொண்டிருந்த தட்டைக் காட்டினாள்.

“கிருமியோட சண்ட போடுறதுதான் இதுங்க வேல. ஆனா உங்க சுரப்பி செஞ்ச வேலையையும் கொஞ்சமா செய்யுதுங்க.”

“அப்ப மாத்திரைய விட்டுரலாமா?”

“ஐயோ, விட்டுராதீங்க. இது எறும்புக்குக்கூடப் பத்தாது.”

“பத்தாதுன்னு இதுங்களுக்குத் தெரியுமா?”

ஆக்னஸ் சிரிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். அணுக்களைக் கொல்ல எடுத்த பிளீச்சிங் பாட்டில் அவள் கையிலேயே இருந்தது. ததேயு கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார்.

“இதுங்களுக்குச் சாப்பாடு வச்சியா?”

“இன்னும் வைக்கலங்க” என்றாள். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, அணுக்களுக்கு ஊற்றும் சிவப்புத் திரவத்தை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள்.