எமிலி விற்ற குரல்

ஓய்வுக்காலம் கவலையில்லாமல் கழிய வேண்டுமென்று எமிலி தன் குரலை ஒரு நிறுவனத்துக்கு விற்றிருந்தாள். மாதாமாதம் பணம் வந்தது. கடலைப் பார்த்த வீடும் வாங்கினார்கள். இனி அவள் வாய் திறந்து பேசினால் எல்லாம் பறிபோகும் என்பதுதான் நிபந்தனை. லிஃப்டிலும் பேருந்திலும் அவள் குரல் ஒலித்தது. சர்க்கரை நோயில் பார்வை இழந்த கணவர் தேவசகாயத்துக்கு மருந்து வேளையை நினைவூட்டிய மெஷினிலும் அதே குரல்தான்.

சாகக் கிடந்தபோது அவர் கெஞ்சினார். "ஒரு வார்த்தை பேசு, எமிலி. வீடு போனாப் போகுது."

பல ஆண்டுகளுக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள். "என்னங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்."

அவர் முகம் சுருங்கியது. "அந்த மெஷினை நிறுத்துங்கப்பா. என் பொண்டாட்டி பேசணும்."

"நான்தாங்க!" என்று அவள் கதறி அழுதாள்.

"இப்ப அழவும் கத்துக்கிச்சா?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எமிலி பேசுவாள் என்று காத்திருந்தபடியே அவர் கண்மூடினார்.