ஒரே வலிக்கு இரண்டு வைத்தியம்

"வீட்டு வேலையைக் கொஞ்சம் குறைங்கம்மா, எல்லாம் சரியாப் போயிடும்" என்றார் டாக்டர், அவள் தோள்பட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டைத் தொழிற்சாலையில் இஸ்திரி போடுகிறவள் அவள். அங்கே மேஜைகளை எந்த நெட்டையனுக்கு அளவெடுத்துச் செய்தார்களோ, அவளுக்கு நெஞ்சு உயரம் வருகிறது. கனத்த பெட்டியை நாள் முழுக்கத் தூக்கித் தேய்த்ததில் வலது கை தலை வாரக்கூட எழும்பவில்லை. பட்டன் பிரிவில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றச் சொல்லி மேனேஜரிடம் கெஞ்சியாயிற்று. டாக்டர் சீட்டு கொண்டு வா, இல்லையென்றால் வேலையை விட்டு நின்றுகொள் என்று சொல்லிவிட்டார் அந்த மகராசன்.

இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னாள். இஸ்திரி போடுவதில் என்ன பெரிய கஷ்டம் என்று அவர் சிரித்தார். கூட்டுவது, துவைப்பது, பாத்திரம் தேய்ப்பது, பெண்களுக்கு வலி வருவதெல்லாம் அதில்தான் என்று பாடம் நடத்தினார். அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் கையமர்த்தினார். கடைசியில் ஒரு தைலத்தை எழுதிக் கொடுத்துக் கதையை முடித்தார்.

"இவருக்கும் இதே வலிதான் டாக்டர்" என்று பக்கத்தில் இருந்த கணவனைக் காட்டினாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கினார். கையைத் தூக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார், கழுத்து முதல் முழங்கை வரை அழுத்திப் பார்த்தார். ஆம்பிளைத் தோளுக்கு இத்தனை மரியாதையா என்று அவள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை ரொம்பக் கடுமையோ?"

"விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கணும் டாக்டர். தூக்கறது, குனியறது, நிக்கறதுன்னு நாள் முழுக்க இருக்கும்" என்றான் அவன் கூச்சத்துடன்.

வார விடுமுறை உண்டா என்று கேட்டார். அப்படி ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை என்றான். டாக்டருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. உழைக்கிறவனை இப்படியா பிழிவது என்று உலகத்து முதலாளிகளையெல்லாம் ஒரு பிடி பிடித்தார். சந்தேகமே இல்லாமல் இது வேலையால் வந்த வலி, உட்கார்ந்து செய்யும் வேலைதான் தர வேண்டும் என்று சீட்டு எழுதி முத்திரையும் குத்தினார்.

"எந்தக் கம்பெனின்னு சொல்லுங்க, அதையும் போட்டுடறேன்."

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள்தான் பதில் சொன்னாள்.

"இவரு எந்தக் கம்பெனிக்கும் போகலை டாக்டர். எங்க வீட்ல கூட்டறது, துவைக்கறது, சமைக்கறது எல்லாமே இவருதான், நான் அடுப்படிப் பக்கமே போறதில்ல. தைலம் இவருக்கே இருக்கட்டும், இந்தச் சீட்டுல பேரை மட்டும் என் பேரா மாத்திக் குடுத்துடுங்க."