பதினொரு மணிச் சங்கு

சுரங்கத்துச் சங்கு அலறிக்கொண்டிருந்தது. தெருவே மேட்டை நோக்கி ஓடியது. நான் ஒருத்திதான் கீழே ஓடிக்கொண்டிருந்தேன்.

பாதி வழியில் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அவளுடைய ஒரு காலில் செருப்பு இல்லை.

“எங்கடி ஓடறே நெஸ்டா? உள்ளே உங்கப்பாடி!”

பகல் பதினொரு மணிக்குச் சங்கு ஊதினால் எங்கள் பள்ளத்தாக்கில் ஒரே அர்த்தம்தான். கீழே என்னவோ இடிந்துவிட்டது. அம்மா என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மேடேறினாள். அந்தச் சங்கை இழுத்துவிட்டதே நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

எனக்கு ஒன்பது வயது. அன்று காலை அப்பா சாப்பாட்டு டப்பாவை மறந்து போய்விட்டார், அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக. அம்மா என்னிடம் கொடுத்தனுப்பினாள். கீழே இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுக்கிற சுரங்கத்து விளக்கு அறையில் இருந்த ஐவர் மாமா வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். “இன்னைக்கும் சீஸ்தானா? சரி, நான் பாத்துக்கறேன். நீ ஓடு.”

ஓடியிருந்தால் நல்ல பிள்ளை. வழியில் இன்ஜின் கொட்டகை திறந்து கிடந்தது. இன்ஜின்காரர் பாரி தேநீருக்கு வெந்நீர் பிடிக்கப் போயிருந்தார். உள்ளே சங்கின் கம்பி, மரக் கைப்பிடியோடு, சரியாக என் மூக்குக்கு நேராகத் தொங்கியது. அதைப் பார்த்தும் இழுக்காமல் போகிற குழந்தை வேல்ஸ் தேசத்தில் இன்னும் பிறக்கவில்லை.

ஒரே ஒரு இழுப்பு. கைப்பிடி சிக்கிக்கொண்டு மேலே போக மறுத்துவிட்டது. அந்தச் சத்தத்தில் மூன்று மலை தாண்டி ஆடுகள் குறைமாதத்தில் குட்டி போட்டன. நம்பாதவர்கள் அந்த ஆடுகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

சுரங்க வாசலில் நூறு பெண்கள் நின்றார்கள். சோப்பு நுரை வழியும் கைகள், பாதி உரித்த உருளைக்கிழங்கு, பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைகள். அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. “ஆண்டவரே, எம்லினை மட்டும் திருப்பிக் கொடுத்துடு. இனிமே ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். பேச்சுக்குக்கூடத் திட்ட மாட்டேன்.”

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் காற்றுதான் போனது.

ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு மேலே வந்தால் அப்பாவை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கவலை வேறு. குளியலறை கட்டாத சுரங்கம் அது. வேலை விட்டு வரும்போது எல்லா அப்பாக்களும் ஒரே கரி, கண்ணும் பல்லும்தான் தெரியும். நான் ஒருமுறை வேறு யார் கையையோ பிடித்துக்கொண்டு பாதித் தெரு நடந்திருக்கிறேன். அந்த மனிதரும் கவனிக்கவில்லை.

அப்போதுதான் விசில் டூடர் வந்தார். முப்பது வருஷத் தூசி நெஞ்சில் கட்டிப்போன கிழவர். பத்தடிக்கு மூன்று தடவை உட்காருவார். மூச்சு விட்டால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடி வந்தார். “கதவத் திறங்கடா! தோண்ட ஆள் வேணாமா?” என்றார். அப்படியே தரையில் சரிந்தார். முகம் நீலமாகிவிட்டது.

ஒருவழியாகச் சங்கு நின்றது. பாரி கொட்டகை வாசலுக்கு வந்து கத்தினார். “கீழே போன்ல பேசிட்டேன்! ஒரு கல்லுகூட விழல! ஒருத்தரும் மேலே வரல, அத்தனை பேரும் வேலை பாத்துட்டிருக்காங்க! போங்க, வீட்டுக்குப் போங்க! எந்தக் கழுதை இதை இழுத்துச்சோ, என் கையில மாட்டட்டும்!”

நூறு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். “விசில் டூடர் பெருமூச்சு விட்டிருப்பாரு, அதைச் சங்குன்னு நெனச்சுட்டோம்!” என்றாள் ஒருத்தி. எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

டூடர் மட்டும் சிரிக்கவில்லை. மண்வெட்டியைக் கட்டிப்பிடித்தபடி, தண்ணீரை விட்டு வெளியே போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“நான்தான்,” என்றேன். “நான்தான் இழுத்தேன்.”

சிரிப்பு நின்றது. நூறு தலைகள் திரும்பின. அம்மாவின் கை மேலே போனது. அவ்வளவு உயரத்துக்கு அது போய் நான் பார்த்ததில்லை.

“கெய்னோர்! நெஸ்டா!”

கூட்டத்தின் பின்னாலிருந்து அப்பாவின் குரல். பெண்களை விலக்கிக்கொண்டு, மூச்சிரைக்க ஓடி வந்தார். ஓங்கிய கையாலேயே அம்மா அவரைக் கட்டிக்கொண்டாள். நெற்றி, கன்னம், மூக்கு என்று பார்க்காமல் முத்தமாகப் பொழிந்தாள். பாதிரியார் மனைவி வானத்தைப் பார்த்தார்.

நான் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு குமுறினேன். “தப்புப் பண்ணிட்டேம்ப்பா! பெரிய தப்பு!”

“சரி சரி, விடு,” என்றார் அப்பா, அவசர அவசரமாக. “உலகத்துல யாரு தப்புப் பண்ணல? வா, வீட்டுக்குப் போலாம். வா கெய்னோர்.”

எவ்வளவு பெரிய மனசு! எனக்கு இன்னும் அழுகை வந்தது.

அம்மாவின் அழுகைதான் சட்டென்று நின்றது. அப்பாவின் கன்னத்தைக் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தாள். விரலைப் பார்த்தாள். மறுபடியும் தேய்த்தாள்.

“எம்லின், உன் மூஞ்சில கரி எங்கே?”