வாசலில் நின்ற வாத்தியார்

இணையத்தில் வருவதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பொள்ளாச்சிப் பள்ளி ஒன்றில் சதாசிவம் பாடம் நடத்தினார். யாருடைய முகமும் குரலும் வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, பிள்ளைகளுக்கு அதுதான் முதல் பாடம். வகுப்பிலேயே கெட்டிக்காரி அவர் மகள் வதனி.

அன்று சாயங்காலம் சாவியைப் பள்ளியிலேயே மறந்துவிட்டு, மழையில் நனைந்தபடி வீட்டு வாசலில் நின்றார். மனைவி கோகிலா இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை.

"அப்பா வந்திருக்கேன், கதவைத் தொற சாமி."

"அப்பாதான்னு எப்படிங்க நம்பறது?" என்றாள் வதனி உள்ளிருந்து.

அவள் பிறந்தநாளைச் சொன்னார். தன் கல்யாண நாளையும் சொன்னார்.

"அதெல்லாம் நெட்லயே இருக்குதுங்க."

"மழை கொட்டுது, சீக்கிரம் தொற கண்ணு!"

"அவசரப்படுத்தறவங்களை நம்பக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லியிருக்காருங்க."

"சரி, உனக்கு நூத்துக்கு நூறு போட்டர்றேன்!"

"ஆசை காட்டறவங்களையுந்தானுங்க."

சதாசிவத்துக்குக் கோபம் வந்தது. கூடவே பெருமையும் வந்துவிட்டதால் திட்ட முடியவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார்.

சற்று நேரத்தில், பார்சல் வாங்குவதற்காகக் கதவில் வைத்திருந்த சின்னத் திறப்பு வழியாக ஒரு துண்டும், ஆவி பறக்கும் டீயும் வெளியே வந்தன.

"அப்பான்னு நம்பீட்டியா கண்ணு?" என்றார் ஆவலாக.

"இல்லீங்க. அம்மா வந்து பார்த்துச் சொல்லட்டும். யாரா இருந்தாலும் நனைஞ்சிருக்கீங்களே, குடிங்க."

சதாசிவம் தலையைத் துவட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல மரியாதையாகக் குடித்தார்.