பத்தாவது கேள்வி

"மாத்திரைய போட்டா முக்கா மணிக்கு ஒரு தடவை ஒதுங்கணும் சார். நாப்பது பேர உள்ள வெச்சுக்கிட்டு பஸ்ஸ எந்த மரத்தடியில நிறுத்தறது?"

அறை சிரித்தது. கேட்ட பஸ் டிரைவர் சிரிக்கவில்லை.

ரத்தக் கொதிப்பு சிகிச்சையில் அடுத்து எதையெல்லாம் ஆராய்வது என்று முடிவு செய்யும் கூட்டம். டாக்டர்கள் ஆறு பேர், நோயாளிகள் ஐந்து பேர். ஒன்பது கேள்விகள் தேர்வாகிவிட்டன. மீதி ஒரே இடம். அதற்கு இரண்டு கேள்விகள் போட்டி. ஒன்று, ஒரு புதிய மருந்தைப் பற்றியது. மற்றது டிரைவருடையது: நினைத்த நேரத்தில் எழுந்து போக முடியாத வேலையில் இருப்பவர்கள், சிறுநீரை அதிகமாக்கும் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது?

"அதனால டூட்டி நாள்ல போடறதில்லையா?" கூட்டத்தின் தலைவரான அறுவை சிகிச்சை நிபுணர் கேட்டார்.

"இல்ல சார்."

"உங்க டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"யாரு திட்டு வாங்கறது? தவறாம போடறேன்னு சொல்லிடுவேன். என் கூட்டாளியும் அப்படித்தான் சொன்னான். போன மாசம் ஸ்டியரிங்லயே சாஞ்சுட்டான். ஒரு பக்கம் கை கால் விழுந்துடுச்சு. அன்னிலேருந்து என் வீட்டுக்காரி நான் திரும்புற வரைக்கும் வாசல்லயே..."

நிபுணர் எழுந்து வெளியே போனார். டிரைவர் பேச ஆரம்பித்ததிலிருந்து இது இரண்டாவது தடவை.

"பெரிய மனுஷன். நம்ம பாடு அவருக்கு எதுக்கு?" பக்கத்தில் இருந்த தையல்காரம்மா முணுமுணுத்தார். "விடுங்கண்ணே. நம்ம அஞ்சு ஓட்டும் உங்களுக்குத்தான்."

"அவங்க ஆறாச்சேம்மா."

நிபுணர் திரும்பி வந்ததும் எல்லோரும் சீட்டு எழுதிப் போட்டார்கள். எண்ணினார்கள்.

புதிய மருந்துக்கு ஐந்து. டிரைவரின் கேள்விக்கு ஆறு.

தையல்காரம்மா மேசையைத் தட்டினார். டிரைவருக்குக் கண் கலங்கியது. யாரோ ஒரு டாக்டர் இந்தப் பக்கம் போட்டிருக்கிறார். நேராக இளம் பெண் டாக்டரிடம் போய்க் கும்பிட்டார்.

"உங்களுக்குக் கோடி புண்ணியம்மா."

"ஐயோ, நான் புது மருந்துக்குத்தான் போட்டேன். கோச்சுக்காதீங்கண்ணே."

மற்ற நான்கு டாக்டர்களும் அதையே சொன்னார்கள். மிச்சம் ஒருவர். அவர் நாற்காலி காலியாக இருந்தது.

தாழ்வாரத்தின் கோடியில், கழிப்பறையிலிருந்து கை துடைத்தபடி வந்துகொண்டிருந்தார்.

"சார், நீங்களா?" டிரைவர் எதிரே ஓடினார். "ரொம்ப நன்றி சார். நான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்."

"நன்றி நான்தாங்க சொல்லணும். இத வாய் விட்டுக் கேக்க எனக்கு எட்டு வருஷமா தைரியம் வரல."

"எத சார்?"

"தியேட்டருக்குள்ள போனா ஆறு மணி நேரம் நகர முடியாது," என்றார் நிபுணர். "இன்னிக்கு ஆபரேஷன் இல்ல. அதான் மாத்திரை போட்டேன்."