கூரை தாங்குதா?

எங்கள் பட்டறையில் கேரவனுக்குக் கூரை போட்டதும், அது தாங்குமா என்று பார்க்க எங்களோடு வேலை செய்யும் மருதையை மேலே ஏற்றி வெறுங்காலோடு நடக்கவிடுவோம். அன்றைக்கும் நடந்தார். வண்டி ஓனர் அவசரப்படுத்தியதால் ஏணியை எடுத்துவிட்டு வண்டியை அனுப்பிவிட்டோம். மருதை இறங்கினாரா என்று யாரும் பார்க்கவில்லை. செருப்பு மட்டும் தரையில் கிடந்தது. மறுநாள் அவர் வராதபோது லீவு போல என்று நினைத்தோம்.

மூன்று மழைக்காலம் கழித்து ஓனர் வண்டியோடு வந்தார். “ஒரு சொட்டு ஒழுகலைங்க. ஆனா படுத்தா மேல யாரோ நடக்கறாங்க.”

நான் ஏறிப் பார்த்தேன். ரப்பர் ஷீட்டும் வெயிலும்தான் இருந்தன. “கூரை நல்லாத்தான் இருக்குதுங்க” என்றேன்.

மருதையின் மனைவி பாவாயியை வரவழைத்தோம். வண்டிக்குள் நின்று அண்ணாந்து காதுகொடுத்துக் கேட்டாள். தொம், தொம், சர்ர்.

“எடது காலை இழுக்கறாரு பாருங்க, அவரேதான்” என்றவள், வெளியே வந்து கத்தினாள். “ஏனுங்க, கூரை தாங்குதாமுங்க! எறங்கி வாங்க, சோறு ஆறுது!”

ஏணியைச் சாய்த்தோம். மேல்படி கிறீச்சிட்டது. பிறகு அதற்கடுத்த படி. கடைசிப் படியும் கிறீச்சிட்டதும் நாங்கள் எல்லோரும் விலகி வழிவிட்டோம். பாவாயி மட்டும் குனிந்து, அன்றிலிருந்து அங்கேயே கிடந்த செருப்பை ஜோடி சேர்த்து வைத்தாள்.